தடிமன் ஓரிடம், காலம் வேறிடம்: கண்ட விளிம்பின் கடலடி அடுக்குகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட எழுத்து வடிவம். திரையில் காட்டிய படங்களுக்கான விளக்கங்களும், போகிற போக்கில் சொன்ன சில செய்திகளும் நீக்கப்பட்டுள்ளன.)



நிலவியல்காரர் ஒருவரை மேடையேற்றினால் இமயமலை, டைனோசர், வைரம் என்று ஏதாவது பேசுவார் என்று எதிர்பார்ப்பார்கள். நான் பேச வந்தது சேற்றைப் பற்றி. அதுவும் நம் கண்ணில் படாத சேறு. கண்டங்களின் விளிம்பில், கடலுக்கடியில் அடுக்கடுக்காகக் கிடப்பது. உலகின் மிகத் தடிமனான மண் குவியல்கள் அங்கேதான் உள்ளன. ஆழ்கடல் எரிவாயு வயல்கள் பல அங்கே இருக்கின்றன. கண்டம் விட்டுக் கண்டம் போகும் இணையக் கம்பிவடங்கள் அதைக் கடந்துதான் போயாக வேண்டும்.

ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். இந்த அடுக்குகளில் தடிமன் ஓரிடத்தில் இருக்கிறது, காலம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு முழ உயர மணல் அடுக்கு ஒரே நாளில் வந்து சேர்ந்திருக்கும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் இரண்டு விரற்கடைக் களி ஆயிரம் ஆண்டு எடுத்துக்கொண்டிருக்கும். ‘ஆயிரம் ஆண்டுக்கு இத்தனை சென்டிமீட்டர்’ என்று ஒரு சராசரியைக் கொடுத்துப் பாடநூல்கள் இந்த வேறுபாட்டை அழித்துவிடுகின்றன. அந்தச் சராசரியோடுதான் எனக்கு வழக்கு.

1. மண் வருவதும் நிற்பதும்

கண்டம் கடற்கரையில் முடிவதில்லை. கரையைத் தாண்டி நீருக்குள் கண்டத்திட்டு இருக்கிறது. ஏறக்குறைய 130 மீட்டர் ஆழம் வரை மிக மெதுவாக இறங்கும் தளம் அது. அதன் சாய்வு ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குதான். அதன் ஓரத்தில் கண்டச்சரிவு தொடங்குகிறது. சராசரிச் சாய்வு நான்கு பாகை. நம் ஊர்ச் சாலையில் அவ்வளவு சாய்வு இருந்தால் சைக்கிள் மிதிப்பவர் மூச்சு வாங்குவார், அவ்வளவுதான். ஆனால் நீர் ஊறிய சேற்றுக்கு அதுவே போதும். சரிவின் அடியில், ஆழ்கடல் சமவெளியை நோக்கி, மறுபடியும் மென்சாய்வான படிவுத் தளம் விரிகிறது.

வங்கக் கடலை எடுத்துக்கொள்வோம். கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் மண்ணைக் கொண்டுவருகின்றன. அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வெள்ளச் சமவெளியிலேயே தங்கிவிடுகிறது. இன்னொரு பங்கு நீருக்கடியில் கழிமுகத்தை முன்னே தள்ளிக்கொண்டு போகிறது. மீதிப் பங்குக்கு ஒரு வாசல் உண்டு. வங்காளதேசக் கரைக்கு அப்பால் கண்டத்திட்டை ஆழமாக வெட்டிக்கொண்டு கிடக்கும் கடலடிப் பள்ளத்தாக்கு அது. பழைய கப்பலோட்டிகள் அதற்கு ‘ஸ்வாட்ச் ஆஃப் நோ கிரவுண்ட்’ என்று பெயரிட்டார்கள், ஆழம் பார்க்கும் கயிறு தரையைத் தொடாத இடம் என்பதால். அந்த வாசல் வழியாகப் போன மண்தான் வங்க விசிறிப் படிவு. நீளம் 3000 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டைத் தாண்டியும் தெற்கே போகிறது. வடக்கில் விசிறியும் அதன் அடியில் உள்ள பழைய படிவுகளும் சேர்ந்து 16 கிலோமீட்டர் தடிமன். ஜோசப் கர்ரேயும் டேவிட் மூரும் 1971இல் இதன் வடிவத்தை விரிவாக எழுதிய பிறகுதான், இமயமலையின் வரலாற்றைப் படிக்க மலைக்கு மட்டுமல்ல, கடலுக்கும் போக வேண்டும் என்பது பலருக்கு உறைத்தது.

2. மெதுவான வழி

மண் கடலடிக்குப் போக இரண்டு வழிகள். முதலாவது, மேலிருந்து விழுவது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு விட்டமுள்ள களித்துகள் ஒன்று அசையாத நீரில் எவ்வளவு வேகமாக விழும்? ஸ்டோக்ஸ் விதியைப் போட்டுப் பார்த்தால் நாளுக்குச் சுமார் 30 சென்டிமீட்டர். வங்கக் கடலின் நடுப்பகுதியில் 3600 மீட்டர் ஆழம். ஆக, அந்தத் துகள் தரைக்கு வர முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் நீரோட்டங்கள் அதை எந்தப் பெருங்கடலுக்கு இழுத்துப் போயிருக்குமோ! அப்படியானால் கடலடிச் சேற்றுக்கும் அதற்கு நேர் மேலே உள்ள கடற்பரப்புக்கும் தொடர்பே இருக்கக் கூடாது.

ஆனால் தொடர்பு இருக்கிறது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1987 முதல் வங்கக் கடலின் ஆழத்தில் வண்டல் பொறிகளைத் தொங்கவிட்டன. விழுவதை ஏந்திக்கொள்ளும் கூம்புகள் அவை. குறித்த நாள் இடைவெளியில் அடியிலுள்ள குப்பி தானாக மாறும். பருவமழைக் காலத்தில் ஆற்று நீர் கடலில் பரவும்போது ஆழத்துப் பொறிகளிலும் வரவு கூடியது. முப்பது ஆண்டு எடுக்க வேண்டிய பயணம் வாரக் கணக்கில் முடிகிறது என்றுதான் இதற்குப் பொருள்.

காரணம், துகள்கள் தனியாக விழுவதில்லை. உப்புநீரைத் தொட்டதும் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மிதவை உயிரிகளின் கழிவு உருண்டைகளிலும், இறந்த பாசிகளின் கோழையிலும் அவை சிக்குகின்றன. இந்தத் திரளைக் ‘கடற்பனி’ என்கிறோம். நாளுக்கு நூறு மீட்டர் அளவில் இறங்கும். ஆற்று மண் இங்கே எடைக்கல்லாகவும் உதவுகிறது: இலேசான உயிர்ப்பொருளைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. வளிமண்டலக் கரியைக் கடலடியில் புதைப்பதில் வங்கக் கடலுக்கு உள்ள பங்கு இந்தச் சிறு இயக்கத்தில் தொடங்குகிறது.

இப்படி விழுந்து சேரும் களி மெல்லியது, ஆனால் ஓய்வில்லாதது. போர் நடந்தாலும் பஞ்சம் வந்தாலும் அது விழுந்துகொண்டே இருக்கும். கடலடி அடுக்கில் காலத்தைத் தொடர்ச்சியாக வைத்திருப்பது இது ஒன்றுதான்.

3. வேகமான வழி

இரண்டாவது வழி, சரிவில் ஓடி வருவது. மண்ணும் நீரும் கலந்த கலவை, சுற்றியுள்ள தெளிந்த நீரைவிடக் கனமானது. அதனால் அது தரையை ஒட்டிச் சரிவில் பாய்கிறது. கலங்கல் ஓட்டம் என்று இதை அழைப்போம். ஜெனீவா ஏரியில் ரோன் ஆற்றின் கலங்கல் நீர் அடியால் ஓடுவதை ஃபொரேல் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்தார். கடலடிப் பள்ளத்தாக்குகளை வெட்டியது இத்தகைய ஓட்டமாக இருக்கலாம் என்று ரெஜினால்ட் டேலி 1936இல் எழுதினார். நெதர்லாந்துக்காரரான பிலிப் கியூனென் தொட்டியில் சேற்றை ஊற்றிப் பார்த்தார். 1950இல் இத்தாலியரான மிக்லியோரினியுடன் சேர்ந்து, அடியில் பருமணலும் மேலே போகப் போக நுண்மணலுமாக இருக்கும் அடுக்குகள் இந்த ஓட்டத்தின் விளைவு என்றார். கேட்டவர்கள் பலர் தலையாட்டவில்லை. தொட்டியில் நடப்பது கடலில் நடக்குமா என்றார்கள்.

விடை ஏற்கெனவே தந்திக் கம்பெனிகளின் கோப்புகளில் இருந்தது.

1929 நவம்பர் 18ஆம் தேதி மாலை, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்க்ஸ் என்னும் கடல் திட்டின் ஓரத்தில் 7.2 அளவு நிலநடுக்கம். எழுந்த ஆழிப்பேரலை பியூரின் தீபகற்பத்தில் 28 உயிர்களைக் கொண்டுபோனது. அதே நேரத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து கிடந்த தந்திக் கம்பிவடங்கள் அறுந்தன; மொத்தம் 12. நிலநடுக்க மையத்துக்கு அருகில் இருந்தவை உடனே போயின. அவற்றுக்குக் கீழே, ஆழத்தில் கிடந்தவை அப்போது அறுபடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, சரிவில் இறங்கும் வரிசையில் அறுந்தன. கடைசி வடம் அறுந்தபோது நிலநடுக்கம் நடந்து 13 மணி 17 நிமிடம் ஆகியிருந்தது. தந்தி நின்ற நொடியைத் தந்தி நிலையம் குறித்துவைக்கும். ஆகவே எந்த இடத்தில் எப்போது என்பதில் ஐயமே இல்லை.

இந்தப் பட்டியலை அன்று பார்த்தவர்கள் நிலப்பிளவுகள் கம்பியை அறுத்தன என்று சொல்லி முடித்துவிட்டார்கள். நேர வரிசை கண்ணெதிரே இருந்தும் அதற்குக் காரணம் கேட்டவர்கள் குறைவு. 23 ஆண்டு கழித்து, 1952இல், புரூஸ் ஹீஸனும் மாரிஸ் யூவிங்கும் அதே பட்டியலை எடுத்து, தூரத்தை நேரத்தால் வகுத்தார்கள். நிலநடுக்கம் சரித்துவிட்ட மண் கலங்கல் ஓட்டமாக மாறி, செங்குத்தான பகுதியில் மணிக்கு நூறு கிலோமீட்டரை நெருங்கிய வேகத்தில் பாய்ந்திருக்கிறது என்று கணித்தார்கள். பிற்கால ஆய்வுகள் அந்த வேகத்தைச் சற்றுக் குறைத்துக் கணித்தன. ஓடியது மண்தான் என்பதை மாற்றவில்லை. ஆழ்கடல் சமவெளியில் அது கொண்டுபோய்க் கொட்டிய மண் 200 கன கிலோமீட்டர் அளவில் இருக்கும். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுதோறும் கொண்டுவரும் 100 கோடி டன்னை எடுத்துக்கொண்டால், அந்த அளவு மண் சேர நூற்றாண்டுகள் வேண்டும். அது ஒரே இரவில் இடம் மாறியது.

ஓட்டம் தளரும்போது பருமணல் முதலில் நிற்கிறது. பிறகு நுண்மணல் சீரான கோடுகளாக, அதன்மேல் நீரோட்டம் நெளித்த அலைவரிகளாக, பிறகு வண்டலாக, கடைசியில் சேறாக. பிரான்சின் தெற்கு ஆல்ப்ஸில் மலையாக எழும்பிவிட்ட பழைய கடலடிப் பாறைகளை அளந்து, இந்த ஐந்து படிகளை ஆர்னால்ட் பௌமா 1962இல் வரிசைப்படுத்தினார். வயற்பயணத்தில் மாணவர்கள் இந்த ஐந்தையும் ஒரே அடுக்கில் தேடித் திணறுவார்கள். ஐந்தும் சேர்ந்து கிடைப்பது அரிது. வாய்க்காலுக்கு அருகே அடிப்பகுதி மட்டும் இருக்கும், தொலைவில் மேல்பகுதி மட்டும் இருக்கும்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2020 ஜனவரியில் காங்கோ ஆற்றின் கடலடிப் பள்ளத்தாக்கில் 1100 கிலோமீட்டருக்கு மேல் ஒரு கலங்கல் ஓட்டம் ஓடி, மேற்கு ஆப்பிரிக்காவின் இணையக் கம்பிவடங்களை அறுத்தது. இந்தமுறை நிலநடுக்கம் இல்லை. சில வாரங்களுக்கு முன்பு ஆற்றில் ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் அளவு வெள்ளம். பிறகு பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி வரும் பெருவோதம். பள்ளத்தாக்கில் நங்கூரமிட்டிருந்த கருவிகள் அதன் வேகத்தை அளந்தன. போகப் போக அது தளரவில்லை. நொடிக்கு 5 மீட்டரிலிருந்து 8 மீட்டராக வேகமெடுத்தது. வழியில் தரையைச் சுரண்டி அந்த மண்ணையும் சேர்த்துக்கொண்டதால்தான் அது. இந்தச் சுரண்டலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் மண்ணை மட்டும் அள்ளவில்லை, அந்த மண்ணில் பதிந்திருந்த ஆண்டுகளையும் சேர்த்து அள்ளியிருக்கிறது.

4. ஒரே குறுக்குக்கோட்டில் இரண்டு கணக்குகள்

இனி வங்க விசிறிக்குத் திரும்பலாம். பள்ளத்தாக்கிலிருந்து வெளிவரும் கலங்கல் ஓட்டம் விசிறி முழுவதும் பரவுவதில்லை. வாய்க்கால் வழியாக ஓடுகிறது. நிரம்பி வழிந்த சேறு இருபுறமும் கரைமேடாக வளர்கிறது. வாய்க்கால் தரையும் மேலே ஏறிக்கொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் சுற்றுப்புறத்தைவிட உயரமாகிவிட்ட வாய்க்கால் கரையை உடைத்துக்கொண்டு பள்ளமான பக்கம் திரும்புகிறது. பழைய வாய்க்கால் அனாதையாகிவிடும். காவிரிப் படுகைக்காரர்களுக்கு ஆறு இடம் மாறும் கதையைச் சொல்லித் தரத் தேவையில்லை. அதுவே 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் நடக்கிறது. எந்தக் காலத்திலும் விசிறியில் பெரும்பாலும் ஒரே வாய்க்கால்தான் உயிரோடிருக்கும்.

2015 தொடக்கத்தில், பன்னாட்டுக் கடல் துளைத் திட்டத்தின் 354ஆம் பயணத்தில், ‘ஜாய்டிஸ் ரெசல்யூஷன்’ கப்பல் வட அட்சம் 8 பாகையில், அதாவது நம் கன்னியாகுமரியின் நேர்கோட்டில், இலங்கைக்குக் கிழக்கே ஏழு இடங்களில் துளையிட்டது. 320 கிலோமீட்டர் நீளக் குறுக்குக்கோடு. முன்பு இதே விசிறியில் துளையிட்டவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது: தளர்ந்த மணல் குழாயில் நிற்காமல் நழுவிவிடும், களி மட்டும் மேலே வரும். அதைப் பார்த்து விசிறி முழுக்கச் சேறு என்று எண்ணத் தோன்றும். இந்தமுறை குட்டையான அழுத்தக் குழாய்களைப் பயன்படுத்தி மணலையும் பிடித்தார்கள். கருவி மாறியதும் விசிறியின் உருவமே மாறியது!

அந்தக் கோட்டில் ஒரே ஆழத்தில், ஒரே வயதில் உள்ள இரண்டு இடங்கள் வெவ்வேறு கதை சொல்கின்றன. வாய்க்கால் பக்கத்தில் வந்த இடத்தில் மணலும் வண்டலுமாகப் பத்துப் பத்து மீட்டராகக் கரைமேடு எழும்பியிருக்கிறது; காலம் கொஞ்சம்தான். வாய்க்கால் கைவிட்டுப் போன இடத்தில், கடற்பனியாக விழுந்த சுண்ணாம்புக் களி மட்டும். அப்படிப்பட்ட ஒரு தளத்தின் மேல் 8 மீட்டர்க் களியில் ஏறக்குறைய 2 லட்சம் ஆண்டுகளின் பருவமழை வரலாறு கிடைத்தது. நடுவே, சுமார் 74,000 ஆண்டுக்கு முன் சுமத்ராவின் டோபா எரிமலை உமிழ்ந்த சாம்பல். கணக்குப் போட்டால் ஆயிரம் ஆண்டுக்கு 4 சென்டிமீட்டர். ஒருவர் எழுபத்தைந்து ஆண்டு வாழ்ந்தால், அவர் ஆயுள் முழுவதற்கும் 3 மில்லிமீட்டர்.

கல்யாணம் நடந்த வீட்டின் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தால் இது விளங்கும். ஒரு வாரச் செலவு நாற்பது பக்கம், மீதி ஆண்டு மூன்று பக்கம். பக்கத்தை நாளால் வகுத்து அந்தக் குடும்பம் ஒரு நாளைக்கு இவ்வளவு எழுதியது என்று சொன்னால் கணக்கு சரி, செய்தி பொய்.

இன்னொரு பாடநூல் வாக்கியத்தையும் இங்கே தொட வேண்டும். கடல்மட்டம் தாழும்போது விசிறி வளரும், உயரும்போது தூங்கும் என்பார்கள். சுமார் 20,000 ஆண்டுக்கு முன் பனியூழி உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே. ஆறுகள் கண்டத்திட்டைத் தாண்டி நேரே சரிவின் விளிம்பில் கொட்டின. அமேசான், மிசிசிப்பி விசிறிகளுக்கு இந்த விதி பெருமளவு பொருந்தும். வங்க விசிறிக்குப் பொருந்தவில்லை. கடல்மட்டம் ஏறிய பின்னும் அது வளர்ந்துகொண்டிருந்ததை மிகைல் வெபரும் உடன் ஆய்ந்தவர்களும் 1997இல் காட்டினார்கள். பள்ளத்தாக்கின் தலை கண்டத்திட்டுக்குள் வெகுதூரம் நீண்டிருப்பதுதான் காரணம். புயல் கிளப்பும் சேறும் ஓதம் இழுக்கும் சேறும் இன்றைக்கும் அதற்குள் விழுகின்றன. உலகத்துக்கு ஒரே விதி எழுதுபவர்கள் வங்கக் கடலுக்கு ஒரு தனிப் பத்தி ஒதுக்குவது நல்லது.

5. படிந்த பிறகு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படிந்த களி படிந்தபடி கிடப்பதில்லை. புழுக்களும் பிற உயிரிகளும் மேல் 10 சென்டிமீட்டரை உழுதுகொண்டே இருக்கின்றன. சற்றுமுன் சொன்ன வேகத்தில் 10 சென்டிமீட்டர் என்பது 2500 ஆண்டு. ஆகவே விசிறியின் களியில் தனித்தனி ஆண்டுகளைத் தேடிப் பயனில்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் புழு இல்லை. கராச்சிக்கு அப்பால் அரபிக்கடல் சரிவில் ஆண்டு வரிகள் கெடாமல் இருப்பது அதனால்தான். பிறகு, புதுச் சேற்றில் முக்கால் பங்கு நீர். மேலே சுமை ஏற ஏற நீர் பிதுங்கி வெளியேறுகிறது, களி நசுங்குகிறது. மணல் அவ்வளவு நசுங்காது. மெல்லியது இன்னும் மெல்லியதாகிறது, தடித்தது தடித்தபடியே நிற்கிறது.

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை கிராமத்தை ஒட்டிய ஓடை அரித்த நிலத்துக்குப் போன மாணவர்கள் இங்கே இருப்பீர்கள். கோண்டுவானாப் பெருங்கண்டம் உடைந்து இந்தியாவின் கிழக்கு விளிம்பு உருவானபோது காவிரிப் படுகைக்குள் ஏறிவந்த கடலின் களி அது. ஏறக்குறைய 10 கோடி ஆண்டுப் பழமை. பெலம்நைட் புதைபடிவங்களைப் பொறுக்குவதோடு திரும்பிவிடாமல், அடுத்த முறை அளவுநாடாவை மணலுக்கு வேறாகவும் களிக்கு வேறாகவும் பிடித்துப் பாருங்கள்.

1981இல் பீட்டர் சாட்லர் உலகம் முழுவதிலிருந்தும் ஏறக்குறைய 25,000 படிவு வேகங்களைத் திரட்டினார். அளந்த கால அளவு கூடக் கூட வேகம் குறைந்துகொண்டே போனது. ஒரே வகைச் சூழலில், நூறாண்டுக்கு அளந்தால் ஒரு எண். பத்து லட்சம் ஆண்டுக்கு அளந்தால் அதைவிட மிகச் சிறிய எண். நீண்ட காலத்தில் இடைவெளிகளும் அரிப்பும் கணக்கில் நுழைந்துவிடுகின்றன என்பதே காரணம். காலத்தைச் சொல்லாமல் படிவு வேகத்தை மட்டும் சொல்லும் கட்டுரையை நான் நம்புவதில்லை.

6. களியைக் கொண்டு நிலநடுக்கத்தை எண்ணுதல்

இந்த வேறுபாடு வெறும் புலமைச் சண்டை அல்ல என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்காவின் ஒரிகன், வாஷிங்டன் கரைக்கு அப்பால் கஸ்கேடியா என்னும் அமிழ்வு மண்டலம் இருக்கிறது. அங்கே எழுதப்பட்ட வரலாற்றில் பெரும் நிலநடுக்கமே கிடையாது. ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 1960களில் எடுத்த கடலடி உருளை மாதிரிகளில், சுமார் 7,600 ஆண்டுக்கு முன் வெடித்த மசாமா எரிமலையின் சாம்பலுக்கு மேல் 13 கலங்கற்படிவுகள் இருந்தன. ஒரு வாய்க்காலில் மட்டுமல்ல, தனித்தனிக் கிளை வாய்க்கால்களிலும் 13. இரண்டு கிளைகள் கூடுமிடத்துக்குக் கீழே? அவை வெவ்வேறு நாளில் வந்தவை என்றால் 26 இருக்க வேண்டும். அங்கேயும் 13தான். ஒரே நேரத்தில் எல்லாக் கிளைகளையும் குலுக்கிய ஒன்று தேவை; கனடிய அறிஞர் ஜான் ஆடம்ஸ் 1990இல் அது நிலநடுக்கம் என்றார்.

அவர் அடுத்துச் செய்ததுதான் இன்றைய என் பேச்சின் மையம். மணல் அடுக்குகளின் தடிமனை அவர் காலமாகக் கொள்ளவில்லை. அவற்றுக்கு நடுவே விழுந்திருந்த களியின் தடிமனை அளந்து, நிலநடுக்கங்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளைக் கணித்தார். சராசரி 590 ஆண்டு. களியின் தடிமன் எவ்வளவு ஏறியிறங்கியதோ அதை வைத்து அந்த இடைவெளி எவ்வளவு மாறும் என்பதையும் சொன்னார். கடைசி நிலநடுக்கம் 1700 ஜனவரி 26 இரவு என்பதைக் கென்ஜி சதாகேயும் குழுவினரும், நிலநடுக்கம் உணரப்படாமலே ஜப்பான் கரையைத் தாக்கிய ‘தாயற்ற’ ஆழிப்பேரலையின் பதிவுகளிலிருந்து 1996இல் கணித்தார்கள். கிறிஸ் கோல்ட்ஃபிங்கரின் குழு 2012இல், 10,000 ஆண்டில் விளிம்பு முழுவதும் முறிந்த 19 நிலநடுக்கங்கள் என்று கணக்கை நீட்டியது. எல்லோரும் ஏற்கவில்லை. கூடுமிடச் சோதனையைப் பழைய தரவுகள் அவ்வளவு உறுதியாகத் தாங்காது என்று பிரையன் அட்வாட்டரும் பிறரும் 2014இல் எழுதினார்கள். அந்தத் தர்க்கம் இன்னும் முடியவில்லை.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு இதே முறையைச் சுமத்ரா விளிம்பிலும் முயன்றார்கள். ஒரு குழு 2004இன் கலங்கற்படிவை அடையாளம் கண்டதாகச் சொன்னது. வேறொரு குழு, அந்தச் சரிவில் பல இடங்களில் அண்மை நிலநடுக்கங்களின் தடமே இல்லை, இந்த முறையை இங்கே நம்ப முடியாது என்றது. நம் கரையில் அந்த அலையைப் பார்த்தவர்களுக்கு, இதற்கு முந்தையது எப்போது என்ற கேள்வி கட்டுரைக்கான கேள்வியாக மட்டும் இருக்க முடியாது.

இங்கே என் கருத்தைச் சொல்லி முடிக்கிறேன். அந்த எண்ணிக்கையைச் செய்ய விரும்பும் மாணவர் வங்க விசிறிக்குப் போகக் கூடாது. அங்கே புயல், வெள்ளம், ஓதம் எல்லாமே மணலைக் கொண்டுவருகின்றன. எது நிலநடுக்கம் கொண்டுவந்தது என்று பிரிக்க வழியில்லை. பெரிய வாய்க்காலின் நடுவிலும் துளையிடக் கூடாது; அங்கே ஒவ்வோர் ஓட்டமும் முந்தைய களியைச் சுரண்டிவிட்டுத்தான் தன் மணலைப் போட்டிருக்கும். அந்தமான் சரிவில், ஆற்று மண் எட்டாதபடி முகடுகளால் அடைபட்ட சிறு படுகைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே மணல் அடுக்குகள் ஒரு விரல் தடிமன்கூட இல்லாமல் போகலாம். துளைக்கும் கப்பலுக்கு நிதி கொடுப்பவரைக் கவரும் படம் கிடைக்காது. பரவாயில்லை. இரண்டு மணல் அடுக்குகளுக்கு நடுவே களி முழுசாக இருக்க வேண்டும், அதில் வயது சொல்லும் ஃபொராமினிஃபெரா என்னும் நுண்ணுயிரிகளின் ஓடுகள் போதுமான அளவு இருக்க வேண்டும், அருகருகே உள்ள மூன்று படுகைகளிலாவது எண்ணிக்கை ஒத்துவர வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளும் நிறைவேறிய மாதிரி கிடைத்தால் அதைப் பற்றிப் பேச மறுபடியும் அழையுங்கள், வருகிறேன்.